டிஃபிகல்ட் ஏர்வே லாங் கேஸ்: எம்.டி. மயக்கவியல் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

எம்.டி. மயக்கவியல் பிராக்டிகலில் டிஃபிகல்ட் ஏர்வே நோயாளி, அதாவது மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போடுவது கடினமான நோயாளி, லாங் கேஸாக (விரிவாகப் பரிசோதித்து விவாதிக்க வேண்டிய கேஸாக) வருவதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. புகையிலையும் பாக்கும் குட்காவும் மெல்லுகிற நாட்டில் வாய்ப் புற்றுநோயாளி இல்லாத பெரிய ஆஸ்பத்திரி ஏது? எனக்கு வந்ததும் அதுதான். கன்னத்தின் உள்பக்கத்தில் புற்று. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. கழுத்துக்கு ஏற்கெனவே ரேடியேஷன் கொடுத்திருந்தார்கள். தாடை எலும்பின் ஒரு பகுதியோடு கட்டியை எடுத்து, கழுத்தின் நிணநீர் முடிச்சுகளையும் நீக்கி, ஃபிளாப் (வேறிடத்திலிருந்து எடுத்த திசு) வைத்து மூடும் அறுவை சிகிச்சை. இந்த ஒரு கேஸை உருப்படியாகத் தயார் செய்தால் மற்ற டிஃபிகல்ட் ஏர்வே கேஸ்களில் பாதி தானாக வந்துவிடும். அதனால் அதையே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தேர்வாளர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். "ஏன்?" என்பது ஒன்று. "அது முடியலைன்னா?" என்பது மற்றொன்று. உங்கள் நோட்ஸில் எந்த வரியை எழுதினாலும் இந்த இரண்டுக்கும் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். கருவிகளின் பெயரை வரிசையாக அடுக்குகிற மாணவரை அவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

ஹிஸ்டரியில் கட்டியின் கதையைச் சுருக்கிவிட்டு, மூச்சுக்குழாய் சம்பந்தமானதை விரிவாகக் கேளுங்கள். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா? குரல் மாறியிருக்கிறதா? தூங்கும்போது சத்தம் வருகிறதா? தண்ணீர் குடித்தால் புரையேறுகிறதா? முன்பு மயக்கம் கொடுத்து ஏதாவது ஆபரேஷன் நடந்ததா? இதில் கடைசிக் கேள்விக்கு மதிப்பு அதிகம். பயாப்ஸிக்காகக் கொடுத்த பழைய அனஸ்தீசியா சார்ட் ஃபைலில் இருந்தால், அதில் எழுதியிருக்கும் ஒரு வரி உங்கள் எல்லா அளவுகோல்களையும் விட நம்பகமானது. ஆனால் அதற்குப் பிறகு ரேடியேஷன் நடந்திருந்தால் பழைய சார்ட்டை அப்படியே நம்பக் கூடாது. அதையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

வாய் ஏன் திறக்கவில்லை என்பதற்கு ஒரு பதில் கையில் இருக்க வேண்டும். வலியாலும் தசை இறுக்கத்தாலும் திறக்காத வாய், மயக்கம் கொடுத்து தசை தளர்ந்ததும் திறக்கக்கூடும். சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் (பாக்கு மெல்லுவதால் வாயின் உட்பகுதி நாராக இறுகுவது), ரேடியேஷன், தசைக்குள் பரவிய கட்டி ஆகியவற்றால் இறுகிய வாய் எந்த மருந்துக்கும் திறக்காது. எத்தனை மாதமாக, படிப்படியாகவா திடீரென்றா, வலிக்கிறதா என்று மூன்று கேள்வி கேட்டாலே பெரும்பாலும் பிடிபட்டுவிடும். "ரிலாக்ஸன்ட் போட்டா திறந்துடும்" என்று இந்த நோயாளியைப் பற்றிச் சொன்னால் வைவா (வாய்மொழித் தேர்வு) அங்கேயே தடம் மாறும்.

பரிசோதனையில் அளவுகள் வாயில் தயாராக இருக்கட்டும். முன்பற்களுக்கு இடையே 3 செ.மீ.க்குக் குறைவு, தைரோமென்டல் தூரம் (தாடை நுனியிலிருந்து தைராய்டு குருத்தெலும்பு வரை) 6 செ.மீ.க்குக் குறைவு, கழுத்தைப் பின்னால் சாய்ப்பதில் தடை, மேலுதட்டைக் கீழ்ப் பற்களால் கடிக்க முடியாமை. மல்லம்பட்டியை, அதாவது வாயைத் திறந்து நாக்கை நீட்டினால் தொண்டை எவ்வளவு தெரிகிறது என்ற வகைப்பாட்டை, கட்டாயம் கேட்பார்கள். 1985-ல் மல்லம்பட்டி எழுதியபோது அதில் மூன்று வகுப்புகள்தான். 1987-ல் சாம்சூனும் யங்கும் நான்காவதைச் சேர்த்தார்கள். ஆந்திராவில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய மருத்துவர் மல்லம்பட்டி. கேட்க மாட்டார்கள்தான், தெரிந்து வைத்துக்கொண்டால் ஒரு சந்தோஷம். ஒரு விரல்தான் திறக்கிறது என்றால் மல்லம்பட்டி வகுப்பு நான்கு என்று எழுதாதீர்கள். "வாய் திறப்பு போதாததால் மதிப்பிட முடியவில்லை" என்று எழுதுவதே சரி.

இந்தச் சோதனைகளை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டால் மழுப்ப வேண்டாம். 2015-ல் வெளியான டென்மார்க்கின் பெரிய தரவு ஆய்வில், கடினமாகிப்போன இன்ட்யூபேஷன்களில் (மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போடுவதில்) 93 சதவீதம் முன்கூட்டியே கணிக்கப்படாதவை. 2018-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வு இந்தப் படுக்கையருகுச் சோதனைகளை ஒப்பிட்டபோது, மேலுதட்டைக் கடிக்கும் சோதனைதான் மற்றவற்றைவிடக் கொஞ்சம் மேல் என்று தெரிந்தது. எதுவும் தனியாக நின்று தீர்ப்பு சொல்லாது. உங்கள் நோயாளி விஷயத்தில் இந்தச் சந்தேகமே இல்லை, அவர் கதவைத் திறந்துகொண்டு வரும்போதே தெரிகிறது. ஆகவே கேள்வி "கடினமா?" என்பது முடிந்துபோய், "எது எது கடினம்?" என்பதாக மாறுகிறது.

இங்கேதான் நிறைய நேரம் செலவிடச் சொல்வேன். நான்கு வழிகளை ஒவ்வொன்றாக எடுங்கள். மாஸ்க் பொருந்துமா? கன்னத்தில் ஓட்டை விழுந்திருந்தாலோ, தாடி இருந்தாலோ, பற்கள் இல்லாவிட்டாலோ காற்று கசியும். சூப்ராகிளாட்டிக் கருவி (குரல்வளைக்கு மேல் உட்காரும் கருவி) போகுமா? ஒரு விரல் திறப்பில் ஐ-ஜெல்லோ எல்.எம்.ஏ.வோ நுழையாது. குரல்வளையைப் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பும் வீடியோ லாரிங்கோஸ்கோப்பின் பிளேடும் அதே காரணத்தால் அவுட். கழுத்தின் முன்புறம்? ரேடியேஷனுக்குப் பிறகு தோல் பலகைபோல் இறுகியிருக்கும், அவசரத்தில் கத்தி வைக்க வேண்டிய கிரைகோதைராய்டு சவ்வு விரலுக்குத் தட்டுப்படாமல் போகலாம். இப்போது கூட்டிப் பாருங்கள். தூங்க வைத்துவிட்டு ட்யூப் போகவில்லை என்றால், பிளான் பி என்று சொல்ல ஒன்றுமே இல்லை. நேராக மாஸ்க், அதுவும் போனால் கத்தி. இந்த நோயாளியை விழித்த நிலையில் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். இதை இந்த வரிசையில் சொன்னால் தேர்வாளர் குறுக்கிட இடமே இருக்காது.

2022-ல் வந்த அமெரிக்க மயக்கவியல் சங்கத்தின் வழிகாட்டலும் இதே தர்க்கத்தைத்தான் சொல்கிறது. லாரிங்கோஸ்கோப்பி கடினம் என்ற சந்தேகத்தோடு, வெண்டிலேஷன் (மூச்சு கொடுப்பது) கடினம், ஆஸ்பிரேஷன் (வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போவது) ஆபத்து, சிறிது நேரம் மூச்சு நின்றாலும் தாங்காத உடல், அவசரக் கழுத்து வழி கடினம் என்பவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அவேக் (விழித்த நிலையில் ட்யூப் போடும்) பக்கம் சாயுங்கள் என்கிறது. மூச்சுக்குழாய் சம்பந்தமான பெரிய சிக்கல்களை ஆராய்ந்து பிரிட்டனில் 2011-ல் வெளியான என்.ஏ.பி.4 அறிக்கையையும் இங்கே ஒரு வரியில் சொல்லலாம். அவேக் ஃபைபர் ஆப்டிக் (விழித்த நிலையில் வளையும் ஸ்கோப் வழியாக ட்யூப் போடுவது) செய்திருக்க வேண்டிய இடங்களில் செய்யாமல் விட்டதை அது தெளிவாகக் குறிப்பிட்டது.

அடுத்து, எப்படிச் செய்வீர்கள் என்பார்கள். பிரிட்டனின் டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டியின் அவேக் இன்ட்யூபேஷன் வழிகாட்டல் இதை நான்காகப் பிரிக்கிறது: செடேஷன் (லேசான உறக்க மருந்து), டாப்பிகலைசேஷன் (மரத்துப்போகச் செய்தல்), ஆக்ஸிஜனேஷன், பெர்ஃபார்மன்ஸ் (செய்முறை). நினைவில் வைக்க நல்லதுதான். ஆனால் உங்கள் பதில் அதற்கும் முன்னால், நோயாளியிடம் பேசுவதிலிருந்து தொடங்கட்டும். சில தேர்வாளர்கள் "எங்கே, அவர்கிட்ட சொல்லுங்க" என்று படுக்கையைக் காட்டிவிடுவார்கள். "ஐயா, உங்க வாய் சரியா திறக்கல. அதனால முதல்லயே தூங்க வெச்சா மூச்சுக்கு ஆபத்து. மூக்கும் தொண்டையும் மரத்துப்போக மருந்து போட்டுட்டு, நீங்க முழிச்சிருக்கும்போதே மூக்கு வழியா ஒரு மெல்லிய ட்யூப் விடுவோம். இருமல் வரும், கொஞ்சம் சங்கடமா இருக்கும், ஆனா மூச்சு நீங்களே விட்டுக்கிட்டு இருப்பீங்க. ட்யூப் உள்ள போனதும் தூங்க வெச்சிடுவோம்." இவ்வளவு போதும். வீட்டில் ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்திலேயே படித்த விஷயத்தைத் தமிழில் சொல்லப் போனால் நாக்கு குழறும்.

எச்சிலைக் குறைக்க கிளைகோபைரோலேட் 0.2 மி.கி. சற்று முன்னதாகவே கொடுங்கள். எச்சில் ஊறிக்கொண்டிருக்கும் சளிச்சவ்வில் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் சரியாகப் பிடிக்காது, ஸ்கோப்பிலும் எதுவும் தெரியாது. ரத்தக் கசிவைக் குறைக்க மூக்கின் இரண்டு துளையிலும் சைலோமெட்டாசொலின். மூக்கு வழி ஏன் என்றால் வாய் திறக்கவில்லை என்பதோடு, வாய்தான் சர்ஜனின் வேலைக்களம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

லிக்னோகெய்ன் கணக்கில்தான் பலர் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். மேற்பூச்சுக்கு உச்சவரம்பு, லீன் பாடி வெயிட்டில் (கொழுப்பு நீங்கலான எடையில்) கிலோவுக்கு 9 மி.கி. 50 கிலோ என்று வைத்தால் 450 மி.கி. நெபுலைசரில் 4 சதவீதம் 4 மி.லி. கொடுத்தால் 160. பத்து சதவீத ஸ்ப்ரே ஒரு அழுத்துக்கு 10 மி.கி., பத்து அழுத்தினால் 100. மூக்கில் 2 சதவீத ஜெல்லி 3 மி.லி., அது 60. ஸ்கோப் வழியாகக் குரல்நாண்களின் மேல் 4 சதவீதம் 2 மி.லி. என்றால் 80. மொத்தம் 400. இன்னும் 50 மிச்சம். இந்தக் கூட்டலைத் தேர்வாளர் முன்னால் வாய்விட்டுச் செய்தால் நல்ல பெயர் வாங்கலாம். சுப்பீரியர் லாரிஞ்சியல் நரம்பு பிளாக், டிரான்ஸ்டிரக்கியல் ஊசி இரண்டும் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் ரேடியேஷன் பெற்ற கழுத்தில் அடையாளங்கள் தட்டுப்படாதபோது அவற்றை விட்டுவிட்டு, ஸ்கோப் போகப் போக மருந்து தெளிக்கும் முறையே மேல் என்பது என் கருத்து.

செடேஷன் விருப்பத்துக்குரியது. டெக்ஸ்மெடெடோமிடின் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம், பத்து நிமிடத்தில் என்று பலரும் சொல்வோம். சரியாக மரத்துப்போகாத தொண்டையை செடேஷனால் ஈடுகட்டப் பார்த்தால் மூச்சுதான் போகும். ஆக்ஸிஜன் தொடக்கம் முதல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஹை ஃப்ளோ இருந்தால் அது.

ஸ்கோப் உள்ளே போய் கரைனா (மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம்) தெரிந்தும் ட்யூப் முன்னேறவில்லை என்றால்? பெரும்பாலும் குரல்வளையின் அரிட்டனாய்டு குருத்தெலும்பில் இடித்து நிற்கும். கொஞ்சம் பின்னால் இழுத்து, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் 90 டிகிரி திருப்பி மறுபடி தள்ளுங்கள். ட்யூப் டிரக்கியாவில் (மூச்சுக்குழாயில்) இருப்பதைக் கண்ணால் பார்த்து, வெளிவிடும் கார்பன் டை ஆக்ஸைடை அளக்கும் கேப்னோகிராஃபியிலும் அலை வந்த பிறகுதான் இண்டக்ஷன் (தூங்க வைப்பது). இந்த வரிசையைச் சொல்லாமல் விட்டால் கட்டாயம் திருப்பிக் கேட்பார்கள்.

இனி "அது முடியலைன்னா?" மூன்று முயற்சி, அதற்கு மேல் அனுபவம் கூடிய ஒருவர் செய்யும் ஒன்று, அவ்வளவுதான். உதவிக்கு ஆள், நூறு சதவீத ஆக்ஸிஜன், செடேஷனை நிறுத்துவது, நின்று யோசிப்பது. அவசர அறுவை சிகிச்சை இல்லை என்றால் ஒத்திவைப்பதும் ஒரு பதில்தான், அதைச் சொல்லத் தயங்க வேண்டாம். இல்லாவிட்டால் லோக்கலில் (அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து) டிரக்கியாஸ்டமி, அதாவது கழுத்து வழியே மூச்சுக்குழாயில் துளையிடுவது. அதற்கு சர்ஜன் கை கழுவி கவுன் போட்டு அதே அறையில் நிற்க வேண்டும். கிரைகோதைராய்டு சவ்வைத் தொடங்குவதற்கு முன்பே, முடிந்தால் அல்ட்ராசவுண்டில் பார்த்து, மார்க் செய்திருக்க வேண்டும். மூச்சே போக வழியில்லாத நிலை வந்தால் 10 எண் பிளேடு, பூஜி (ட்யூபுக்கு வழிகாட்டும் மெல்லிய குச்சி), 6 சைஸ் கஃப் ட்யூப். ஊசி வழி ஏன் வேண்டாம் என்றால் என்.ஏ.பி.4-ல் அது பத்தில் ஆறு தடவை தோற்றது.

"மாவட்ட ஆஸ்பத்திரியில இருக்கீங்க, ஸ்கோப் இல்லை" என்று ஒரு கேள்வி வரும். உடனே பிளைண்ட் நேசல் (பார்க்காமலேயே மூக்கு வழியாக ட்யூப் போடுவது) என்று பாயாதீர்கள். இது திட்டமிட்ட அறுவை சிகிச்சை, மேல் மருத்துவமனைக்கு அனுப்பலாம். அனுப்ப முடியாத சூழலில் லோக்கல் டிரக்கியாஸ்டமி. ரெட்ரோகிரேடும் (கழுத்திலிருந்து மேல்நோக்கிக் கம்பி விட்டு அதன் மேல் ட்யூப் போடுவது) பிளைண்ட் நேசலும் அதற்குப் பின்னால் வரட்டும், கட்டியில் ரத்தம் கசியும் ஆபத்தோடு சேர்த்து.

மற்ற கேஸ்களில் மாறுவதை மட்டும் படியுங்கள். தீக்காயத் தழும்பில் கழுத்து நெஞ்சோடு ஒட்டியிருந்தால் கழுத்து வழியே அடைபட்டிருக்கும், லோக்கலில் தழும்பை விடுவித்துவிட்டு ட்யூப் போடுவது ஒரு வழி. தாடை மூட்டு இறுகிய குழந்தை விழித்த நிலையில் ஒத்துழைக்காது, செவோஃப்ளுரேன் மயக்க வாயுவில் தானாக மூச்சு விடவிட்டு ஸ்கோப் போட வேண்டும். லுட்விக்ஸ் ஆஞ்சைனாவில் (தாடைக்கு அடியில் பரவும் தொற்று வீக்கத்தில்) மல்லாக்கப் படுக்க வைக்கவே கூடாது.

எக்ஸ்டுபேஷன் (ட்யூபை வெளியே எடுப்பது) பற்றிய கேள்விக்கு மணி அடிக்கும் நேரத்தில்தான் வருவார்கள், அதற்குள் களைத்துவிடாதீர்கள். ஃபிளாப் வைத்த வாய், வீங்கிய நாக்கு, கட்டுப்போட்ட கழுத்து. உள்ளே போனதைவிட வெளியே எடுப்பது கடினம். தொண்டைப் பேக் (தொண்டையில் அடைத்து வைத்த துணி) எடுத்தாயிற்றா என்பது முதல் கேள்வி. டிரக்கியாஸ்டமி செய்யாத பட்சத்தில் அன்றிரவு ட்யூபை விட்டுவைத்து, மறுநாள் முழு விழிப்பில், சர்ஜன் பக்கத்தில் இருக்க, ஏர்வே எக்ஸ்சேஞ்ச் கத்தீட்டர் (தேவைப்பட்டால் ட்யூபை மறுபடி போட உள்ளே விட்டுவைக்கும் மெல்லிய குழாய்) மேல் எடுப்பேன் என்று சொன்னேன். "கத்தீட்டரை எப்போ எடுப்பீங்க?" என்றார் ஒருவர். மணிக்கணக்கைச் சொல்வதைவிட, குரல் தெளிந்து, ஸ்ட்ரைடர் (மூச்சுக்குழாய் குறுகி வரும் கரகர சத்தம்) இல்லாமல், ஆக்ஸிஜன் தேவை குறைந்து, வீக்கம் கூடவில்லை என்று பார்த்த பிறகு என்று சொல்லுங்கள்.