நாடாப்புழுவின் தலை விழுந்ததா?

மேகாலயாவின் காசி மக்கள் சோஃப்லாங் கிழங்கைப் பச்சையாகவே தின்பார்கள். அதன் தோல் வயிற்றுப் புழுவை விரட்டும் என்பது அவர்களின் நாட்டு வைத்தியம். ஷில்லாங்கில் உள்ள வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது தோலின் சாறும் அதிலுள்ள ஜெனிஸ்டீன் என்ற வேதிப்பொருளும் நாடாப்புழுவை முடக்கின. பன்றியின் உருண்டைப்புழு மட்டும் அசரவில்லை. நாடாப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உணவை மேல்தோல் வழியாகத்தான் உறிஞ்சுகிறது, மருந்தும் அதே வழியில் நுழைகிறது. உருண்டைப்புழுவைத் தடித்த உறை காக்கிறது. "பூச்சிக்கு நல்ல மூலிகை" என்றால் முதல் கேள்வி, எந்தப் பூச்சிக்கு?

சோதனைக்கு எளிதில் கிடைப்பது கோழியின் நாடாப்புழு. அறுத்த கோழியின் குடலை ஆறவிடாமல் கொண்டுவந்து, 37 டிகிரி பாஸ்பேட் உப்புக் கரைசலுக்குள் வைத்தே நீளவாக்கில் கீற வேண்டும். இடுக்கியால் இழுக்கவே கூடாது. தலை குடல் சவ்வில் புதைந்திருக்கும், கழுத்தோ தையல் நூலைவிட மெல்லியது. இழுத்தால் தலை அங்கேயே நின்றுவிடும், கையில் வருவது வெறும் உடல்தான். வெதுவெதுப்பான கரைசலில் விட்டால் பல புழுக்கள் தாமாகவே பிடியை விடும்.

நிழலில் உலர்த்திய கிழங்குத் தோலைப் பொடித்து, சாராயத்தில் (எத்தனாலில்) ஊறவைத்து வடிகட்டி, 50 டிகிரிக்கு மேல் போகாமல் வற்றவைக்க வேண்டும். மி.லி.க்கு 1, 5, 10, 20, 50 மி.கி. எனப் பல அளவுகளில் பார்ப்பது நல்லது. சாறு கரைய டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானைச் சேர்த்தால் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதே 1 சதவீதம் கலந்த வெறும் கரைசலில் ஒரு தொகுதி, நாடாப்புழுவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பிராசிகுவாண்டெல் மருந்தில் ஒரு தொகுதி, இரண்டும் இல்லாமல் முடிவு எழுதக் கூடாது.

பலர் சறுக்குவது அமிலத்தன்மையில். புளிப்பான சாறு கரைசலின் பி.எச். அளவை இறக்கிவிடும்; புழு அதிலேயே செத்துப்போகும், பெயர் மூலிகைக்குப் போகும். சாறு கலந்த பிறகும் 7.2 முதல் 7.4 வரை இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். வற்றாமல் நின்ற சாராயமும் இதே வேலையைச் செய்யும். அசையாத புழுவெல்லாம் செத்த புழு இல்லை. 45 டிகிரி வெந்நீரில் தொட்டெடுத்தால் முடங்கியது நெளியும், செத்தது நெளியாது. இரண்டுக்கும் நேரத்தைத் தனித்தனியே குறிக்க வேண்டும்.

கண்ணாடித் தட்டில் வென்றது குடலில் தோற்கலாம். எலியின் நாடாப்புழுவில் சோதிக்கும்போது மருந்து கொடுத்த சில நாளில் மலத்தில் முட்டை குறைந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். உடல் அறுந்து தலை மட்டும் நின்றாலும் முட்டை குறையும். கழுத்திலிருந்து புதுக் கண்ணிகள் (உடலின் துண்டங்கள்) வளர்ந்து இரண்டு மூன்று வாரத்தில் முட்டை திரும்ப வரும். அதுவரை காத்திருந்து, எலியின் குடலைத் திறந்து தலைகளை எண்ணியே ஆக வேண்டும்.

மனிதரில் வளரும் டீனியா நாடாப்புழுவும் அப்படித்தான். முழம் முழமாக வெளியேறினாலும் தலை தங்கியிருந்தால், இரண்டு மூன்று மாதத்தில் கண்ணிகள் மலத்தில் மறுபடி தென்படும்.