வெங்கணாந்திக்குச் செய்த பெட்டி

வெங்கணாந்திக்கு, அதாவது மலைப்பாம்புக்கு, முதல் பெட்டியைச் செய்து முடித்த அன்று உள்ளே ஒரு வெப்பமானியை வைத்துக் கதவைச் சாத்தினேன். அப்போது காலை ஒன்பது மணி. பதினொன்றரைக்குத் திறந்து பார்த்தால் 38 பாகை காட்டியது. உள்ளே பாம்பு இல்லை, விளக்கு இல்லை, வெறும் பெட்டி. ஆறு நாள் வேலை.

முப்பது வருசமாக ஓடாவி வேலை செய்கிறேன். மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் வீட்டு வளவுக்குள்ளேயே பட்டறை. கதவு, நிலை, அலுமாரி, கட்டில் என்று செய்த கைக்கு இந்த வேலை அக்காவின் மகனால் வந்தது. அவன் பாம்பு பிடிக்கப் பழகியவன். யார் வீட்டுக்குள் பாம்பு வந்தாலும் இவனுக்குத்தான் அழைப்பு வரும். பிடித்து வனஜீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவித்து ஒப்படைத்துவிடுவான். 2011 தை மாத வெள்ளத்தில் ஊரே தண்ணீரில் கிடந்தபோது பாம்புகளும் மேடு தேடி வீடுகளுக்குள் ஏறின. அப்போது அவன் சின்னப் பொடியன். பொல்லால் அடித்துச் சாகடித்ததைப் பார்த்துப் பார்த்துத்தான் இதில் இறங்கினான் என்று பிறகு சொன்னான்.

சித்திரை வருசம் பிறந்த கையோடு ஒருநாள் பின்னேரம் வந்தான். வவுணதீவுப் பக்கம், வாய்க்காலில் போட்டிருந்த தங்கூசி என்கிற நைலோன் நரம்பு வலையில் ஒரு வெங்கணாந்தி சிக்கி, அந்த வலை நரம்பு சதைக்குள் இறங்கிப் போயிருந்ததாம். ஏழடிக்குக் கொஞ்சம் கூட நீளம். அறுத்தெடுக்கவே இருட்டிவிட்டது. அன்றிரவு வேறு வழியில்லாமல் வீட்டிலிருந்த பழைய முயல் கூட்டுக்குள் விட்டிருக்கிறான். காலையில் பார்த்தால் பாம்பின் மூக்கு நுனி தோலுரிந்து சிவந்து கிடந்திருக்கிறது.

"வலை அறுத்த காயத்த விட நான் குடுத்த காயம்தான் மாமா எனக்கு மனசுக்குள்ள கிடக்கு" என்றான்.

பாம்பு வெளியே போக வழி தேடும்போது மூக்கால்தான் தேடும். கம்பி வலை என்றால் ஒவ்வொரு கண்ணாக மூக்கை வைத்து இரவு முழுக்க உரசும். காற்று வருகிற இடமெல்லாம் அதற்கு வாசல்தான். அலுவலகத்தில் பாரம் கொடுத்த பிறகு மிருக வைத்தியர் காயத்தைக் கழுவி மருந்து போட்டுவிட்டு, சதை கூடிவர ஒன்றரை மாதமாவது வேண்டும், அதுவரை மூக்கு உரசாத மரப்பெட்டி ஒன்று இருந்தால் நல்லது என்றிருக்கிறார். "என்ட மாமா ஓடாவி" என்று இவன் சொல்லிவிட்டு வந்துவிட்டான். அதுவரைக்கும் பாம்பு ஒரு பெரிய நீலப் பரலுக்குள், துணி விரிப்பில்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது வளர்க்கிறதுக்குச் செய்த பெட்டி இல்லை. வெங்கணாந்தி நம் நாட்டில் பாதுகாக்கப்பட்ட உயிர். வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக்கான 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அன்றிலிருந்து இருக்கிறது. அனுமதி இல்லாமல் வீட்டில் வைத்திருந்தால் குற்றம். அலுவலக வளவுக்குள் வைத்துப் பராமரிக்கத்தான் பெட்டி கேட்டார்கள்.

எனக்குப் பாம்புப் பெட்டியின் அளவு தெரியாது. ரொறன்ரோவில் இருக்கிற மச்சானின் மகன் ஒரு சோளப்பாம்பு வளர்க்கிறான். அமெரிக்காவில் உள்ள விஷமில்லாத பாம்பு அது. அங்கே கூட்டில் வளர்த்து முட்டையிலிருந்து வந்த பாம்புக்குஞ்சுகளைக் கடையில் வாங்கலாம். அவனைக் கேட்டதும் ஆசையோடு படம் கீறி அனுப்பினான். நீளம் ஆறடி, அகலம் இரண்டடி, உயரம் இரண்டடி. மெலமைன் ஒட்டிய பலகை. மேலே இரண்டு சின்னக் காற்றோட்ட ஓட்டை. முகட்டில் சூடாக்கும் தட்டுக்கு இடம். முன்பக்கம் வழுக்குக் கண்ணாடி. நான் அந்தப் படத்தை ஒரு நூல் பிசகாமல் அப்படியே செய்தேன். வந்து நின்றது 38 பாகையில்.

தகரக் கூரைப் பட்டறைக்குள் அன்று நெடுநேரம் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். படத்தில் பிழை ஏதும் இல்லை. பனி கொட்டும் ஊரில் பாம்புப் பெட்டியின் வேலை சூட்டைப் பிடித்து வைத்திருப்பது. பாம்புக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ள ஏலாது, வெளியிலிருந்துதான் எடுக்கவேண்டும். அதனால் அங்கே ஓட்டை குறைவு, பலகை தடிப்பு, எல்லாப் பக்கமும் அடைப்பு. நமக்கு வெளியே நிழலிலேயே 32, 33 பாகை நிற்கிறது. அதே பாம்புக்கு வியர்த்து ஆறவும் ஏலாது. சூடு கூடினால் ஓடி ஒளிய இடம் வேண்டும், பெட்டிக்குள் அடைத்துவிட்டால் எங்கே ஓடும்? வெங்கணாந்திக்கு 30 பாகையை ஒட்டி இருந்தால் சுகம், ஒரு மூலை அதைவிடக் குளிராக இருக்கவேண்டும் என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்தார். இங்கே பெட்டியின் வேலை சூட்டை வெளியே விடுவது. இது விளங்கிய பிறகுதான் என் கைக்கு வேலை பிடிபட்டது.

இரண்டாவது பெட்டிக்கு மெலமைன் பலகை வேண்டாம் என்று முடிவெடுத்தேன். அது உள்ளே மரத்தூளை அமுக்கிச் செய்தது. ஒரு விளிம்பில் தண்ணீர் பட்டால் ஊதிப் பிளக்கும். பாம்பு தண்ணீர்ப் பேசினைக் கவிழ்க்காமல் இருக்காது. பதிலுக்கு 12 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட், எட்டுக்கு நாலு அளவில் இரண்டு தாள் எடுத்தேன். சட்டத்துக்குத் தேக்கு, அதுவும் பழைய தேக்கு. கல்லடியில் அம்மாவின் வீட்டை 2004 மார்கழியில் கடல் கொண்டு போனபோது மிஞ்சிய நிலைகள் சில என்னிடம் கிடந்தன. இருபது வருசமாக ஒன்றுக்கும் தொடாமல் வைத்திருந்தவை. மணமெல்லாம் போன, நன்றாக ஊறிக் காய்ந்த மரம். சீவுளி போட்டதும் உள்ளே புதுசு மாதிரி நிறம் வந்தது. மணம் முக்கியம். வெளிநாட்டுத் தேவதாரு மரத்தின் எண்ணெய் பாம்பின் மூச்சுக்கு ஆகாது என்று ரொறன்ரோப் பிள்ளை எச்சரித்திருந்தான். அதே யோசனையில்தான் நான் மரக்காலையில் கிடந்த வேம்பையும் தொடவில்லை. மணக்கிற மரத்தை அடைத்த பெட்டிக்குப் போடாமல் விடுவதுதான் சரி.

காற்றோட்டத்துக்குத்தான் கூட நேரம் கொடுத்தேன். இடது பக்கப் பலகையின் அடியில் மூன்று வரிசை ஓட்டை, வலது பக்கப் பலகையின் தலைப்பில் மூன்று வரிசை. சூடான காற்று மேலே ஏறி ஒரு பக்கத்தால் போக, குளிர்ந்தது மற்றப் பக்கத்து அடியால் உள்ளே வரும். நம் வீட்டுக் குசினிக்குப் புகைபோக்கி வைக்கிற அதே கணக்கு. கம்பி வலையை நினைத்தும் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஓட்டையும் 8 மில்லிமீற்றர், உள்ளிருந்து வெளியே துளைத்தேன். வெளியிலிருந்து துளைத்தால் சிம்பு உள்ளே கிளம்பும், அது பாம்பின் மூக்கில் ஏறும். வெளிப்பக்கம் ஒரு கழிவுப் பலகையை இறுக்கிக் கட்டிவிட்டுத் துளைத்தால் வெளிவாயும் பிய்யாது. பிறகு ஒவ்வொரு வாயையும் சேண்ட் பேப்பரைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்தேன். நூற்றியிருபதுக்கு மேல் ஓட்டை. விரல் நுனியால் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தேன், என் விரலுக்கு உறுத்தாதது அதன் மூக்குக்கும் உறுத்தாது என்று. இந்த அளவு ஓட்டை இந்தப் பாம்புக்கு மட்டும். தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். குட்டி வைக்கிறதென்றால் 3 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது.

கண்ணாடிக் கதவைக் கைவிட்டேன். காயப்பட்ட பாம்புக்கு இருட்டு வேண்டும். ஆள் நடமாட்டம் தெரிந்தால் சுருண்டு சீறிக்கொண்டே கிடக்கும், தின்னாது. வழுக்குக் கண்ணாடியை மூக்கால் ஓரமாகத் தள்ளித் திறந்துவிடும் என்றும் மருமகன் சொன்னான். பிளைவூட் கதவு, கீழே மூன்று பிணைச்சல், மேலே இரண்டு கொண்டி, இரண்டுக்கும் ஆமைப்பூட்டு. எட்டிப் பார்க்க நடுவில் ஒரு சாண் அகலக் கண்ணாடி, அதற்கு மேலே ஒரு துணித் திரை. கதவுக்கும் சட்டத்துக்கும் இடைவெளி எங்கேயும் 3 மில்லிமீற்றரைத் தாண்டாமல் சீவினேன்.

உள்ளே தண்ணீரில் கரைக்கிற பொலியூரெதேன் மூன்று பூச்சு. மூலைகளுக்குப் பூஞ்சண மருந்து கலக்காத சிலிக்கன், மீன் தொட்டிக்குப் போடுகிற வகை. இதோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். பொறுமையைச் சோதித்த நாட்கள் இதற்குப் பிறகுதான் வந்தன. சிலிக்கன் காயும்போது வினாகிரி மணம் விடும். அந்த மணம் இருக்கிற வரைக்கும் அமிலம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். மனிதனுக்கு ஜன்னல் உண்டு, பெட்டிக்குள் கிடக்கிற பாம்புக்கு அந்தக் காற்றுத்தான் காற்று. மருமகன் ஒவ்வொரு நாளும் போன் எடுப்பான், பரலுக்குள் பாம்பு திரும்ப இடமில்லாமல் கிடக்கிறது என்று. நாலாம் நாள் பூச்சு தொட்டால் ஒட்டாது, பார்வைக்குக் கண்ணாடி மாதிரி. கொடுத்துவிடலாம் என்று எனக்கும் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் இரவு முழுக்கச் சாத்தி வைத்துவிட்டுக் காலையில் திறந்து தலையை உள்ளே விட்டால் கண் எரிந்தது. பதினாலாம் நாள் காலையில்தான் ஒரு மணமும் வரவில்லை. அன்றைக்குத்தான் "வந்து ஏத்து" என்றேன்.

பக்கத்து வளவுப் பெரியம்மா இத்தனை நாளும் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டே இருந்தவ. முதல் நாள் "பாம்ப ஊருக்குள்ள கொண்டாறியா மனே?" என்று கோபித்தவ. விசயத்தைச் சொன்ன பிறகு ஒன்றும் பேசவில்லை. ஏற்றுகிற அன்று ஒரு செம்பில் பாலும் இரண்டு முட்டையும் கொண்டு வந்தா.

"நாகதம்பிரானுக்குச் செய்யிற வேலகா இது. கூலி வாங்கிராத."

பாம்பு பால் குடித்து வாழ்கிற உயிர் இல்லை என்று மருமகன் சொல்ல வாயெடுத்தான். நான் கையைப் பிடித்தேன். அவ சொன்னபடியே கூலி வாங்கவில்லை. சாமான் செலவு 30,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைய, அதையும் நானே போட்டேன்.

அலுவலக வளவில் முதலில் தகரக் கொட்டிலுக்குள் வைத்தார்கள். மத்தியானம் 34 பாகை. அதே பெட்டியை மாமர நிழலில் கிடுகு வேய்ந்த பத்திக்கு மாற்றினோம், 30, 31ஐத் தாண்டவில்லை. கச்சான் காற்று அனலாக வீசிய இரண்டு நாள் மட்டும் பெட்டிக்கு மேலே ஈரச் சாக்குப் போட்டோம். நிழலுக்குக் கொண்டுபோன அந்த ஒரு மாற்றம் நான் துளைத்த ஓட்டைகளை விடக் கூட உதவி செய்தது என்று நினைக்கிறேன். முதலில் நிழலைத் தேடிவிட்டுப் பெட்டிக்கு அளவெடுத்திருக்க வேண்டும்.

காலுக்கு முக்கால் அடி உயரம் விட்டு, நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய டின்னுக்குள் இறக்கினேன். எறும்புக்காக. திறந்த காயத்தில் எறும்பு மொய்த்தால் பாம்பால் தட்டிவிட ஏலாது. கீழே விரிக்கப் பழைய பேப்பர். என் பட்டறையில் மரத்தூள் மூட்டை மூட்டையாகக் கிடந்தும் ஒரு பிடி போடவில்லை, அது காயத்திலும் வாயிலும் ஒட்டும். ஒளிந்துகொள்ள ஒரு மூலையில் அரைப்பெட்டி. உடம்பு முழுக்க அமிழ்கிற அளவு அகலப் பேசின். தோலைத் தேய்க்க ஒரு முருட்டுக் கட்டை.

முதல் கிழமை தீனி இல்லை. பிறகு செத்த கோழி ஒன்று கொடுத்தார்கள், விழுங்கியது. விழுங்கிய பிறகு நாலைந்து நாள் பெட்டியை அசைக்கக்கூடாது, கக்கிவிடும். நான் வேலை முடிந்து போகிற வழியில் வெப்பமானியைப் பார்த்துவிட்டு வருவேன். ஒருநாள் கண் இரண்டும் பால் படர்ந்த மாதிரி நீலமாக இருந்தது. குருடாகிவிட்டது என்று பதறிப்போனேன். செட்டை கழற்றப் போகிறது என்று மிருக வைத்தியர் சொன்னார். கண் திரும்பத் தெளிந்து, பேசினுக்குள் ஒன்றரை நாள் கிடந்து, பிறகு ஒரே இரவில் முழுச் செட்டையையும் அந்தக் கட்டையில் உருவிப் போட்டிருந்தது. வலை அறுத்த இடத்தில் செதில் கோணலாக, ஆனால் மூடி வந்திருந்தது.

இப்போது மருமகன் நாகத்துக்கும் புடையனுக்கும் பெட்டி கேட்கிறான். இந்த மாதிரியில் அதைச் செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கதவைத் திறந்து கை விடுகிற பெட்டி விஷப்பாம்புக்கு ஆகாது. நடுவில் வெளியிலிருந்து இழுத்து மூடுகிற தடுப்புப் பலகை வேண்டும். பாம்பை ஒரு அறைக்குள் ஒதுக்கி அடைத்துவிட்டுத்தான் மற்ற அறையைத் திறக்கவேண்டும். விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்பதை நம்பிப் பெட்டி செய்ய ஏலாது. பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் பக்கத்தில் நின்று அளவு சொன்னால் செய்கிறேன் என்றிருக்கிறேன்.

வெங்கணாந்தியைக் காட்டுக்குள் விட்ட அன்று நான் போகவில்லை. மறுநாள் பெட்டி கழுவக் கொடுத்தார்கள். குளோரின் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பதற்கு முன் டோர்ச் அடித்துக் கதவின் உள்பக்கம், ஓட்டை வரிசைகள், நாலு மூலை எல்லாம் பார்த்தேன். முயல் கூட்டில் ஒரே இரவில் இரத்தம் கண்ட மூக்கு. இங்கே ஒன்றரை மாதம் கிடந்தும் பூச்சில் ஒரு கீறல் இல்லை.

மருமகன் செட்டையைக் கொண்டு வந்து தந்தான். பட்டறையில் விரித்து அளந்தேன். எட்டேகால் அடி. செட்டை உருவும்போது இழுபடும் என்கிறான் அவன். அடுத்ததை ஏழடியில் செய்யச் சொல்லியிருக்கிறார்கள், தேக்குச் சட்டம் இன்னும் இரண்டு மிச்சமிருக்கிறது.