அம்மா எழுத மறுத்த பெயர்

நம் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது கூடைப்பந்து நினைவுகளை. திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியில் படித்தவனிடம் அதைக் கேட்பது நியாயம்தான். 1948இல் அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்த இயேசு சபைக் குரு யூஜின் ஜோன் ஹெபர்ட் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பிள்ளைகளைப் பழக்கி வளர்த்த விளையாட்டு அது. ஆனால் அவர் பெயரை எழுதியபின் என்னால் மைதானத்தோடு நிறுத்த முடியவில்லை. 1990 ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட பாதர் போய்ச் சேரவில்லை. அவரோடு போன தமிழ் இளைஞனும் திரும்பவில்லை. இருவருக்கும் என்ன நடந்தது என்று இன்றுவரை யாரும் பொறுப்போடு சொன்னதில்லை.

அதே வருடம், அதற்குச் சில கிழமைகளுக்கு முன்னர், என்னுடைய அண்ணாவும் போனார். விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். அவரும் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான். ஆகவே இந்த மலரில் எழுத எனக்கு வேறு விஷயம் இல்லை.

அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தவர்களில் பலர் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: “எல்லாம் தேவ சித்தம், அக்கா. ஒப்புக்குடுத்திட்டு அமைதியா இருங்கோ.” அவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களும் பயந்திருந்தார்கள். ஆனாலும் அந்த வசனத்தை நான் இன்றும் ஏற்கமாட்டேன். ஒரு பிள்ளையைத் தாயின் கையிலிருந்து பறித்தவனின் செயலைக் கடவுளின் கணக்கில் எழுதுவது விசுவாசம் அல்ல. பறித்தவனுக்கு அது வசதி, அவ்வளவுதான்.

எங்களுக்கு மறைக்கல்வி படிப்பித்த சேர் அப்படிச் சொல்லவில்லை. பின்னேரம் வருவார், விறாந்தையில் இருப்பார், அம்மா அழுது முடியும் வரைக்கும் வாய் திறக்கமாட்டார். பிறகு விவிலியத்தை எடுத்து வாசிப்பார். ஆறுதல் வசனங்களை அவர் தேடி எடுத்ததே இல்லை. எத்தனை காலம் என்னை மறந்திருப்பீர் என்று கடவுளையே கேட்கும் திருப்பாடல் 13. இருளே என் நெருங்கிய துணை என்று முடிந்துவிடும் 88ஆம் பாடல். “இதெல்லாம் வேதத்தில இருக்கே சேர்?” என்று அம்மா கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. “இருக்கு அம்மா. கடவுளிட்ட கோவமாக் கேட்கிறதும் செபம்தான்” என்றார்.

உண்மையில் அம்மாவுக்கு அது புதிது இல்லை. தவக்காலத்தில், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர் அவர். கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய அந்த வாசகங்களை நம் சனம் ஒப்பாரி இழுப்பதுபோல இழுத்து வாசிக்கும். மகனைப் பறிகொடுத்த தாய் வாய்விட்டு அழ ஒரு இடத்தை நம் முன்னோர் கோவிலுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். பிறகு எப்போதோ அழுகை விசுவாசக் குறைவு என்று ஆகிவிட்டது. இது எனக்கு மிகுந்த வருத்தம்.

சேர் ஒருநாள் சாமுவேல் இரண்டாம் நூல் 21ஆம் அதிகாரத்தை வாசித்தார். மறையுரைகளில் அதிகம் கேட்காத பகுதி. அரசியல் பேரம் ஒன்றில் சவுல் வீட்டு ஆண்கள் ஏழு பேரைக் கொன்று மலையில் விடுகிறார்கள். அவர்களில் இருவர் ரிஸ்பாளின் பிள்ளைகள். அந்தத் தாய் சாக்குத் துணியைப் பாறைமேல் விரித்து, வாற்கோதுமை அறுவடைத் தொடக்கத்திலிருந்து மழை பெய்யும்வரை, பகலில் பறவைகளும் இரவில் காட்டு விலங்குகளும் பிள்ளைகளின் உடல்களைத் தொடாமல் காவல் இருக்கிறாள். அவள் பேசியதாக ஒரு வார்த்தைகூட அங்கே இல்லை. ஆனால் செய்தி தாவீது அரசனின் காதுக்குப் போகிறது. எலும்புகள் சேர்க்கப்பட்டு முறையாக அடக்கம் நடக்கிறது. வாசித்து முடித்த சேர், “நாளைக்கு முகாம் வாசலுக்கு நானும் வாறன்” என்றார். போனார்கள். அண்ணாவைக் கேட்டு அம்மாவும் அவரும் பலமுறை போனார்கள். அந்தக் காலத்தில் முகாம் வாசலில் போய் நின்று ஒரு பெயரைச் சொல்லிக் கேட்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

கார்த்திகை வந்தது. நவம்பர் 2, இறந்த ஆன்மாக்களின் நாள். பூசைக் கருத்து எழுதும் கொப்பியில் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களைக் கொடுப்போம். அப்பாச்சி, அம்மாச்சி, அப்பா எல்லாரையும் அம்மா எழுதுவித்தார். அண்ணாவின் பெயரை எழுத விடவில்லை. உறவுக்காரர் ஒருவர், “எழுதினா அவன்ர ஆத்துமத்துக்கு நல்லம்தானே” என்று சொல்லிப் பார்த்தார். அம்மா கேட்ட கேள்வி: “ஆர் வந்து சொன்னது அவன் செத்திட்டான் எண்டு? கொண்டுபோனவன் சொல்லட்டும். அவன் சொல்லாததை நான் ஏன் எழுதவேணும்?”

பங்குப் பாதர் இளையவர். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு வேறு பக்கத்தைப் புரட்டி, பயணம் போனவர்கள் நல்லபடியாக வீடு திரும்ப என்று கருத்துக் கொடுக்கும் இடத்தில் அண்ணாவின் பெயரை எழுதினார். அம்மா இருக்கும்வரை ஒவ்வொரு வருடமும் அந்தப் பெயர் அந்தப் பக்கத்திலேதான் இருந்தது. சேமக்காலையில் மற்றவர்கள் தங்கள் தங்கள் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்த, அம்மா நடுவில் இருக்கும் பெரிய சிலுவையடியில் ஒன்று கொளுத்துவார். கல்லறை இல்லாதவர்களின் தாய்மார் வேறு சிலரும் அங்கே நிற்பார்கள்.

2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலைக்கு அருகே, ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது நான் வெளிநாட்டில். ஏரோது கொன்ற குழந்தைகளை நினைக்கும் மாசில்லாக் குழந்தைகள் திருநாள் டிசம்பர் 28. அது கழிந்து ஐந்தே நாள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று முதலில் சொன்னார்கள். பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவரும் திருகோணமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது ரிஸ்பாள்தான். உடல்களின்மேல் பொய் வந்து இறங்காமல் ஒரு மனிதர் காவல் இருந்திருக்கிறார்.

மாணவர்களில் ஒருவரின் தந்தையான வைத்தியர் மரண விசாரணையில் சாட்சி சொன்னார். மிரட்டல்களால் நாட்டைவிட்டுப் போகவேண்டி வந்த பிறகும் ஜெனிவா வரை சென்று பேசினார். அந்தக் கொலைகளுக்காகக் கைதான பொலிஸ் விசேட அதிரடிப் படையினர் 13 பேரும் 2019 ஜூலை 3ஆம் திகதி திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார்கள். அந்தத் தந்தை கிறிஸ்தவர் அல்லர். ஆனாலும் லூக்கா 18இல் நேர்மையற்ற நடுவரின் வாசலை விடாமல் தட்டிய கைம்பெண்ணின் உவமையை வாசிக்கும்போதெல்லாம் அவரையும், 2017இல் வடக்கு கிழக்கெங்கும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு தெருவோரம் அமர்ந்த தாய்மாரையும் நினைக்கிறேன். சோர்ந்துபோகாமல் செபிப்பதற்கு இயேசு காட்டிய ஆள் ஒரு வழக்காளி. இதை நம் கோவில்களில் இன்னும் உரத்துச் சொல்லவேண்டும்.

மன்னிப்பைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் வெளிநாட்டில் அதைத்தான் என்னிடம் முதலில் கேட்கிறார்கள். மறு கன்னத்தையும் காட்டச் சொன்னவர், தலைமைக் குருவின் முன்னே தம்மைக் காவலன் அறைந்தபோது பேசாமல் இருக்கவில்லை. தவறாகப் பேசியிருந்தால் தவறைக் காட்டும், சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறீர் என்று கேட்டார். திருப்பி அடிக்கவில்லை, ஆனால் கேட்டார். அம்மாவும் அப்படியேதான். எங்கள் வீதியில் காவலுக்கு நின்ற சிங்களப் பொடியன் ஒருவன் காய்ச்சலில் வாடியபோது கொத்தமல்லி அவித்துக் கொடுத்தவர் அவர். “அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள்” என்றார். அடுத்த கிழமை முகாம் வாசலில், “என்ர பிள்ளை எங்கே?” என்று நின்றார். இரண்டையும் ஒரே மனது செய்தது. செய்தவர் யார் என்று தெரியாமல், செய்ததை ஒருவரும் ஒப்புக்கொள்ளாமல், மன்னித்துவிட்டேன் என்று சொல்லும்படி ஒரு தாயை வற்புறுத்த எவருக்கும் உரிமை இல்லை. அவள் மன்னித்தால் அது அவளுக்கும் கடவுளுக்கும் இடையே நடப்பது.

இப்போது சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். 1983க்குப் பிறகு நாம் இழந்த பழைய மாணவர்களின் பெயர்களை, கத்தோலிக்கர், இந்துக்கள், முஸ்லிம்கள் என்ற வேறுபாடு இல்லாமல், அடுத்த மலரில் அச்சிடுவோம். யார் கொன்றாலும் கொல்லப்பட்டவர் நம்மவர். எங்கள் வகுப்புப் பெயர்களை நான் சேர்க்கத் தொடங்கிவிட்டேன். மற்ற வகுப்பினர் மலர்க் குழுவுக்கு அனுப்பிவையுங்கள். பட்டியல் இரண்டு பகுதியாக இருக்கட்டும்: இறந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள். ஒரு பெயரை எந்தப் பகுதியில் போடுவது என்று நாமாகத் தீர்மானிக்காமல், ஊரில் இருக்கும் அந்தக் குடும்பத்துக்கு முதலில் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேளுங்கள்.