பத்தாம் வகுப்பு மார்க் எட்டாம் வகுப்பிலேயே முடிவாகிறது

எங்கள் குமரி மாவட்டத்தில் படிப்பைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவு, மாநிலத்திலேயே முதலிடம் என்ற பெருமை வந்துவிடும், அப்புறம் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடியில் தொடங்கிய பள்ளிக்கூடம் வரை போவார்கள். பெருமைதான். ஆனால் குலசேகரம் பக்கம் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒன்பதாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பலருக்குப் பின்னம் கூட்ட வராது.

வீட்டுச் சூழல் சரியில்லை என்போம். உண்மைதான், அப்பா அம்மா இருவரும் விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போய்விட்டால் நோட்டை யார் பார்ப்பது? அமெரிக்காவில் 1966இல் கோல்மன் குழு செய்த ஆய்வும் பள்ளியைவிடக் குடும்பத்துக்கே பங்கு அதிகம் என்றது. ஆனால் 1979இல் மைக்கேல் ரட்டர் குழு லண்டனில் 12 உயர்நிலைப் பள்ளிகளை ஒப்பிட்டு, ஒரே மாதிரிப் பிள்ளைகள் வந்தாலும் பள்ளி நடக்கும் விதத்தால் தேர்ச்சி மாறுகிறது என்று காட்டியது. வீட்டுப்பாடம் கொடுத்துத் திருத்துவது, பாடவேளையை வீணாக்காதது, பிள்ளைகளைப் பாராட்டுவது, பொறுப்பு கொடுப்பது, இவ்வளவுதான். நான் ரட்டர் கட்சி.

நாம் செய்வது என்ன? எட்டு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை, சரி, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த வருடங்களில் அடிப்படையைச் சரிசெய்ய ஆளும் வைப்பதில்லை. பத்தாம் வகுப்பில்தான் பதறுகிறோம். கணக்குத் தாளில் வடிவியலும் வரைபடமும் 16 மார்க், ஒரு மார்க் கேள்விகள் 14, அதோடு ஒரு ஐந்து மார்க் சேர்ந்தால் 35 வந்துவிடும் என்று மெல்லக் கற்போருக்கு மினிமம் மெட்டீரியலை, அதாவது பாஸாக மட்டும் போதுமான குறிப்புகளை, திணிக்கிறோம். பிள்ளை பாஸாகிறான், பாலிடெக்னிக் முதல் வருடத்தில் கணக்குப் பேப்பரில் அரியர் வைக்கிறான்.

என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர் எட்டாம் வகுப்பில் தினமும் பாடத்துக்கு முன் பத்து நிமிடம் பின்னமும் குறை எண்ணும் மட்டும் போடுவார், நோட்டை மறுநாளே திருத்திக் கொடுத்துவிடுவார். அந்தப் பிள்ளைகள் என்னிடம் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது இயற்கணிதத்துக்கு ஸ்பெஷல் கிளாஸே வேண்டியிருக்கவில்லை, ரிசல்ட் நாளில் கைகுலுக்கல் மட்டும் எனக்குக் கிடைத்தது.

ஜூனில் டைம்டேபிள் போடும்போது கைதேர்ந்த ஆசிரியரை எட்டு, ஒன்பதுக்குப் போடுங்கள் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். தலைமை ஆசிரியருக்கும் அது புரியாமல் இல்லை. ரிசல்ட் ஏன் குறைந்தது என்று மேலிருந்து கேட்பது பத்தாம் வகுப்பைத்தானே, ஒன்பதைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை.