பழைய வார்ப்பிரும்புச் சாமான்களைக் கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

மதுரை கீழமாசி வீதியில் ஒரு பழைய மளிகைக் கடை மூடப்படும்போதும், மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பழைய வீடு இடிக்கப்படும்போதும், தேக்கு மரத்துக்கும் பித்தளைக்கும் உடனே ஆள் வந்துவிடுகிறது. வார்ப்பிரும்பு மட்டும் கிலோக் கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போய், அங்கிருந்து உலைக்குப் போய்விடுகிறது. பணியாரக்கல், தோசைக்கல், கரி இஸ்திரிப் பெட்டி, எடைக்கல் என்று என்னால் மீட்க முடிந்தவற்றைச் சேர்த்து வருகிறேன். வாங்க நினைப்பவர்கள் முதலில் பொருளைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். விற்பவர் சொல்லும் வயதைவிட அடிப்பக்கம் காட்டும் அடையாளங்களையே நான் நம்புகிறேன்.

கொல்லுப் பட்டறையில் அடித்த இரும்பில் சம்மட்டித் தழும்பும், ஆணி அடித்துப் பொருத்திய கைப்பிடியும் இருக்கும். வார்ப்பிரும்பிலோ சுமார் 2 முதல் 4 சதவீதம் வரை கார்பன் இருப்பதால் அது வளையாமல் உடையும். உடைந்த விளிம்பில் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியான மணிகள் தெரியும்.

என்னிடமுள்ள ஏழு குழிப் பணியாரக்கல்லைக் கவிழ்த்தால், மணல் அச்சின் சொரசொரப்பு ஒவ்வொரு குழியின் முதுகிலும் அப்படியே இருக்கிறது. நடுக்குழியின் முதுகில், உருகிய இரும்பை ஊற்றிய வாய் உடைக்கப்பட்டு அரத்தால் தேய்க்கப்பட்ட வடு, ஒரு விரல்கணு நீளத்துக்கு மேடாக நிற்கிறது. உட்புறமோ, பல காலம் கம்பியால் பணியாரத்தைத் திருப்பித் திருப்பி வழுவழுவென்று ஆகியிருக்கிறது. சிறிய வார்ப்படப் பட்டறைகள் கையால் மணல் அச்சு எடுப்பதை இன்றும் விட்டுவிடவில்லை என்பதால், வடுவை மட்டும் வைத்துப் பழையது என்று முடிவு கட்டக் கூடாது. கை பட்ட இடத்தில் மட்டும் தேய்மானம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீர் தெளித்துப் பழையதாக்கிய கல்லில், கைப்பிடி, குழி, விளிம்பு எல்லாவற்றிலும் ஒரே செம்மஞ்சள் துரு ஏறியிருக்கும்.

சிங்கர் தையல் இயந்திரத்தில் பொறித்த தொடர் எண்ணைக் கொண்டு அதன் காலத்தை அறியலாம். ஆனால் அந்த எண் மேல் இயந்திரத்துக்கு உரியது. வார்ப்பிரும்புக் கால்மிதிச் சட்டம் வேறொன்றிலிருந்து கழற்றி மாட்டியதாக இருக்கலாம்.

காலத்தை ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை எடைக்கற்களே. 1956-இல் எடை, அளவைத் தரச் சட்டம் இயற்றப்பட்டுப் படிப்படியாகக் கிலோ நடைமுறைக்கு வந்தது. எனவே பலம், வீசை என்று பொறித்த கல் பெரும்பாலும் அதற்கு முந்தைய வார்ப்பாகத்தான் இருக்கும். நாற்பது பலம் ஒரு வீசை, அதாவது ஏறத்தாழ 1.4 கிலோ; எட்டு வீசை ஒரு மணங்கு. சின்னக் கற்கள் எளிதில் தொலைந்துவிடும் என்பதால் முழுத் தொகுதி அகப்படுவது அபூர்வம், அகப்பட்டால் பிரித்து வாங்காதீர்கள். பழம்பொருள் கடைகள் உள்ள காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அதற்குப் பழம்பொருளுக்குரிய விலை சொல்வார்கள். ஒரே கடையில் பயன்பட்ட தொகுதி என்பது தெரிந்தால் அந்த விலை தகும் என்பது என் கருத்து.

வாங்குமுன் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி விரல் முட்டியால் தட்ட வேண்டும். மணி போல ஒலிக்காமல் மொத்தென்று கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும், வார்ப்பில் அதைப் பற்றவைப்பது கடினம். துருவுக்குக் காடியும் (வினிகர்) தண்ணீரும் சரிபாதி கலந்த கரைசலில் அரை மணி நேரத்துக்கு மேல் ஊறவிடாமல், தேய்த்துக் கழுவி, உடனே சூடாக்கி நல்லெண்ணெய் தடவினால் போதும். கிரைண்டர் சக்கரம் வைத்தால் வடுவும் மணல் தடமும் போய்விடும்.

எடைக்கல்லுக்கு மட்டும் இந்த முறை ஆகாது. எடையைச் சரிசெய்ய அடிக்குழியில் காரீயம் ஊற்றி, அதன்மேல்தான் சோதனை முத்திரையைக் குத்தியிருப்பார்கள். காரீயம் சுமார் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், காடியும் அதை அரிக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, லேசாக எண்ணெய் பூசி, அடுக்களைக்கும் குழந்தைகளின் கைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.