அரைப் பாயிண்ட்

மரவள்ளிக் கிழங்குக்கு எடையை மட்டும் பார்த்துக் காசு கொடுப்பதில்லை. பாயிண்ட் பார்க்க வேண்டும். லாரி எடை மேடையில் ஏறி இறங்கியதும் மேலேயிருந்து கொஞ்சம், அடியிலிருந்து கொஞ்சம் கிழங்கு எடுத்து, மண்ணைத் தட்டிவிட்டுத் தண்ணீருக்குள் அமுக்கி எடை பார்ப்பார்கள். மாவு எவ்வளவு இருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும், அந்தக் கணக்குதான் பாயிண்ட். மழைக்குப் பிறகு பிடுங்கிய கிழங்கென்றால் பாயிண்ட் இறங்கும்.

சேலம் ஆத்தூர் ரோட்டோரம் நான் கணக்கு எழுதிய சேகோ (ஜவ்வரிசி) மில்லில், தராசு இருபத்தேழரை காட்டினால் சீட்டில் இருபத்தேழு என்றுதான் விழும். டன்னுக்கு ஒரு பாயிண்ட் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், 10 டன் லோடில் 1,500 ரூபாய் போயிற்று. கருமந்துறையிலிருந்து லாரி வாடகை கொடுத்து மலையிறங்கி வந்தவருக்கு அது சின்னக் காசா? வியாபாரிகள் டெண்டரில் 90 கிலோ ஜவ்வரிசி மூட்டைக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கேட்டால் கொதித்துப் போகிற அதே நிர்வாகம்தான், இதை 'ரவுண்டு பண்றது' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

பாயிண்ட் பார்த்தவர் எங்கள் சர்ச் சபைக்காரர். வயதில் மூத்தவர், மில்லில் எல்லோருக்கும் அண்ணன். சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. ஒரு நாள் சாயங்காலம், லோடு கொண்டு வந்த பெரியவர் ஒருவர் தானே குனிந்து தராசைப் பார்த்துவிட்டார். "ஏனுங்க, முள்ளு அரையில நிக்குதுங்களே?" என்று மெதுவாகத்தான் கேட்டார். மேனேஜர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இஷ்டமிருந்தா எறக்கு, இல்லேன்னா வண்டியத் திருப்பு" என்றார். அவர் அப்பா வயதிருக்கும் அந்தப் பெரியவருக்கு.

அண்ணன் முகம் கறுத்துவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. சீட்டில் இருபத்தேழரை என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுப் பெரியவர் கையில் கொடுத்தார். இரவு முழுக்க என்ன யோசித்தாரோ தெரியாது. காலையில் முதலாளி வந்ததும் நேரே அறைக்குள் போனார். பாயிண்ட் சரியாக என்ன நின்றது என்று தனியாக ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். அந்த மாதத்துச் சீட்டுக் கட்டை என்னிடம் கேட்டார், நான் எடுத்துக்கொண்டு கூடவே போனேன்.

"தராசு என்ன காட்டுதோ அதத்தான் எழுதுவேனுங்க. வேண்டாம்னா வேற ஆளப் போட்டுக்குங்க."

"அரைப் பாயிண்டுக்கா இவ்வளவு கோவம்?"

"ஆமாங்க."

குரல் ஏறவே இல்லை. நோட்டுப் பிடித்திருந்த கை மட்டும் நடுங்கியது.

வேதாகமத்தில் நெகேமியா ஐந்தாம் அதிகாரம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. ஏழைகள் நிலத்தையும் திராட்சத்தோட்டத்தையும் அடகு வைத்து, பிள்ளைகளை அடிமைகளாக விட வேண்டி வந்ததைக் கேட்டு நெகேமியா மிகவும் கோபங்கொண்டார் என்று எழுதியிருக்கிறது. அடுத்த வரியே, அவர் மனதிலே ஆலோசனை பண்ணினார் என்பது. அதற்கப்புறம்தான் போய்க் கடிந்துகொள்கிறார். யாரை? வட்டி வாங்கிய பிரபுக்களை, அதிகாரிகளை. தேவாலயத்தில் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்த இயேசுவும், மாற்கு எழுதியதைப் பார்த்தால், முந்தின நாளே உள்ளே போய் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் பெத்தானியாவுக்குப் போய்விட்டார். மறுநாள் வந்துதான் கவிழ்த்தார். சூரியன் அஸ்தமிக்கிறதற்குள் எரிச்சல் தணிய வேண்டும் என்று பவுல் சொன்னதை, விஷயத்தையே அன்று சாயங்காலத்தோடு விட்டுவிட வேண்டும் என்று வாசிக்கிறவர்கள் இந்த ஒரு ராத்திரியை மறந்துவிடுகிறார்கள். (சீசனில் எங்கள் மில்லில் சூரியன் அஸ்தமித்தாலும் மிஷின் நிற்காது. கோபமும் ஷிப்டு மாற்றிக்கொண்டு ஓடும்.)

இன்னொரு கோபத்தையும் அங்கேயே பார்த்தேன். களம் முழுக்க ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தபோது திடீரென்று மழை. பெண்கள் துழாவுகிற பலகையைப் போட்டுவிட்டுத் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். ஒரு மூலை நனைந்துவிட்டது. மேனேஜர் குடையோடு வந்து, வாயில் வரக்கூடாததெல்லாம் பேசினார். நஷ்டம் நஷ்டம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் காலையில் முதலாளி போனில் அவரை என்ன பேசினார் என்று ஆபீசில் இருந்த எனக்குத் தெரியும். அங்கே "சரிங்க, சரிங்க" என்று வாங்கியதைத்தான் மத்தியானம் இங்கே கொண்டுவந்து கொட்டினார். அவரால் திருப்பிப் பேச முடியாத இடத்தில் கோபம் வரவில்லை. திருப்பிப் பேச முடியாதவர்களிடம் வந்தது.

மோசேயே இதில் தவறியிருக்கிறார். வனாந்தரத்தில், மேரிபா என்ற இடத்தில் தண்ணீர் இல்லாமல் ஜனங்கள் முறுமுறுத்தபோது, "கலகக்காரரே" என்று திட்டிவிட்டுக் கன்மலையை இரண்டு தரம் அடித்தார். ஜனங்கள் பேசியது சரியில்லைதான், தாகம் பொய்யில்லையே. தேவன் வாக்களித்த கானான் தேசத்துக்குள் மோசே போகாமல் போனது அந்தச் சம்பவத்தால்தான்.

ஓய்வுநாளில் சூம்பின கையனைக் குணமாக்கிய இடத்தில் மாற்கு ஒன்று சொல்கிறார்: இயேசு விசனப்பட்டு, கோபத்துடனே சுற்றிலும் பார்த்தார். பார்வை போனது குற்றம் பிடிக்கக் காத்திருந்தவர்கள் மேல். "உன் கையை நீட்டு" என்ற வார்த்தை போனது கை சூம்பினவனிடம். கோபம் மேல் பக்கம், உதவி கீழ் பக்கம். மேனேஜருக்கு இரண்டும் தலைகீழ்.

நம் பிரசங்கங்களில் எனக்கு ஒரு குறை உண்டு. மனுஷருடைய கோபம் தேவனுடைய நீதியை நடப்பிக்கமாட்டாது என்ற யாக்கோபின் வசனம் அடிக்கடி வருகிறது. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் தினக்கூலிக்காரர்கள், ஏற்கெனவே வாய் திறக்காதவர்கள். அதே நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், வயல் அறுத்தவர்களின் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு ஐசுவரியவான்களைப் பிடித்து உலுக்குகிறார். அதை வாசித்துக் கேட்பது அபூர்வம். முதலாளியின் கோபத்துக்குக் கண்டிப்பு என்று பெயர், தொழிலாளியின் கோபத்துக்கு மட்டும் ஜெபக்குறிப்பு.

2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பெருமைப்பட்டது, நானும்தான். அந்தப் பெருமையில் பாதி கிழங்கு போட்டவருடையது என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் பேசிய பிறகு சீட்டில் அரை விழ ஆரம்பித்தது. அடுத்த சீசனில் அவரைக் களத்துக்கு மாற்றினார்கள், தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. வருத்தமா என்று கேட்டேன். "வெயில்தான் தம்பி கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். களத்துப் பெண்களிடம் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. மேனேஜரிடம் மட்டும் பழையபடி சிரித்துப் பேசமாட்டார். தராசுக்குப் புதுப் பையன் வந்தான். அவனும் அரையை எழுதித்தான் ஆக வேண்டியிருந்தது. கருமந்துறைக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டார்கள்: லோடு கொண்டு வருகிற எல்லோரும் இப்போது குனிந்து முள்ளைப் பார்க்கிறார்கள்.