மூன்று முறை விமானம் ஏறிய ஃபோன்

தங்கை வீட்டுக்காரர் விடுமுறைக்கு வந்தபோது புது ஃபோன் ஒன்றைப் பெட்டி பிரிக்காமல் கையில் கொடுத்தார். "அங்கே பாதி விலைதான் மச்சான், தள்ளுபடியில அடிச்சுப் பிடிச்சு வாங்கினேன்." பாதி விலை ஏன் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

சிம்மைப் போட்டேன். டவர் வரவில்லை. திரையில் ஒரு கட்டம் வந்து 'நெட்வொர்க் அன்லாக் பின்' கேட்டது. சிம் பின்னைத்தான் கேட்கிறது போல என்று அதை அடித்தேன். தப்பு. 1234 போட்டேன். அதுவும் தப்பு. மூன்றாவது முறை கை வைக்கும்போது என் பையன் பிடுங்கிக்கொண்டான். நல்ல வேளை. இந்த இடத்தில் இஷ்டத்துக்கு எண்களை அடித்தால், சில ஃபோன்கள் பிறகு சரியான எண்ணையே கொடுத்தாலும் ஏற்காது.

விஷயம் இதுதான். அந்த ஃபோனை விற்றது அங்கே சிம் விற்கிற கம்பெனி. தன் சிம்மைத் தவிர வேறு எதையும் ஏற்காதபடி பூட்டித்தான் விலையைக் குறைக்கிறார்கள். சாவியும் அவர்களிடமேதான். கனடாவில் 2017 டிசம்பரிலிருந்தும் பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்தும் இப்படிப் பூட்டி விற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. எங்கள் மாப்பிள்ளை வேலை பார்ப்பது இரண்டும் இல்லாத ஒரு நாட்டில்.

ரிப்பேர் கடைக்காரர் ஒருவர் "திறந்துடலாம் சார்" என்று வாங்கி வைத்து, இரண்டு நாள் கழித்துத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார். மாப்பிள்ளை ஊர் திரும்பியதும் அந்தக் கம்பெனியின் சாட்டில் போய் உட்கார்ந்தார். அவருக்கு மதிய இடைவேளை, எனக்கு நடுராத்திரி. நாலு நாள், நாலு பேர், ஒரே பதில்: ஃபோன் எங்கள் நெட்வொர்க்கில் 60 நாள் ஓடியிருக்க வேண்டும். ஃபோன் இங்கே இருக்கிறது, அந்த நெட்வொர்க் அங்கே இருக்கிறது, எப்படி ஓடும் என்று கேட்டால், "உங்கள் சிரமம் புரிகிறது" என்று சொல்லிவிட்டு மறுபடி அதே வரியை ஒட்டினார்கள். ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆக, ஃபோன் திரும்பிப் போக வேண்டும். கூரியரில் போட்டால் ஆயிற்று என்று கிளம்பினேன். உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது என்று கவுண்டரிலேயே மறுத்துவிட்டார்கள். கடைசியில் மகன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு நண்பரின் அம்மா கைப்பையில் வைத்துக் கொண்டுபோனார்.

அங்கே ரீசார்ஜ் செய்து, மாப்பிள்ளை அதை இரண்டாவது ஃபோனாக வைத்துக்கொண்டு நாளை எண்ணினார். 61-ஆம் நாள் பூட்டு திறந்துவிட்டது. இந்த முறை நான் ஏமாறவில்லை. வேறு கம்பெனி சிம்மைப் போட்டு என்னோடு ஐந்து நிமிடம் பேசிக் காட்டினால்தான் நம்புவேன் என்றேன். பேசிக் காட்டினார். (சில பெட்டிகளின் மேலேயே சின்ன எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: வாங்கிய பகுதியின் சிம்மில் முதலில் ஐந்து நிமிடமாவது பேசினால்தான் வெளியே வேலை செய்யும் என்று. அதையும் படித்துவிடுங்கள்.)

ஃபோன் மூன்றாவது விமானத்தில் வந்து சேர்ந்தது. சிம் போட்டதும் நாலு கோடு டவர். வீடே கேட்கும்படி கத்தினேன்.

கத்தியது அவசரம். இன்டர்நெட் பறக்கிறது, வாட்ஸ்அப் வருகிறது, ஆனால் சாதாரணக் கால் மட்டும் போகவில்லை. எண்ணைத் தட்டினால் இரண்டு விநாடி சத்தமே இல்லை, பிறகு துண்டிப்பு. என்னைக் கூப்பிடுகிறவர்களுக்கோ 'ஸ்விட்ச் ஆஃப்'.

சிம் கம்பெனியின் கடையில் இருந்த பெண் நான் சொல்லி முடிப்பதற்குள் புது சிம் போட்டுக் கொடுத்தார். மாற்றமில்லை. "அப்போ ஃபோன்ல தான் சார் பழுது." சர்வீஸ் சென்டரில் பின்பக்கத்து மாடல் எண்ணைப் பார்த்தார்கள். "பேர் இதேதான் சார், ஆனா இங்கே விற்கிற மாடல் இல்லை. வாரண்டி வராது." அதோடு டோக்கனை வாங்கிக்கொண்டார்கள்.

பதில் கிடைத்தது அதே கடையில், இரண்டாவது முறை போனபோது, பக்கத்துக் கவுண்டரில் இருந்த ஒரு பையனிடம். "இதுல வோல்ட்டி ஸ்விட்ச் இருக்கா பாருங்க." செட்டிங்ஸில் தேடினேன். இல்லவே இல்லை.

அவன் சொன்ன பிறகுதான் புரிந்தது. 4ஜி அடிப்படையில் இன்டர்நெட்டுக்கான வழி. பழைய ஏற்பாட்டில், கால் வந்தால் ஃபோன் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் பேசிவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளும். அந்தப் பழைய நெட்வொர்க்குகளை மூடிவிட்டால் இறங்க இடமில்லை. பேச்சும் 4ஜியிலேயே போக வேண்டும், அதுதான் வோல்ட்டி. அதற்கு உங்கள் சிம் கம்பெனிக்கான அமைப்பு ஃபோனின் சாஃப்ட்வேரில் இருக்க வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனிக்கென்று தைத்த சாஃப்ட்வேரில் நம் கம்பெனி எங்கே இருக்கும்?

வீட்டுக்கு வந்து சாஃப்ட்வேரைப் புதுப்பித்தேன். நம் சிம் உள்ளே இருக்கும்போதே ஃபோனை முழுக்க அழித்து முதலிலிருந்து தொடங்கினேன். ஸ்விட்ச் வந்துவிட்டது! எல்லா மாடலிலும் இது பலிக்காது, எனக்குப் பலித்தது. முதல் காலை அந்தப் பையனுக்குப் போட நினைத்தேன், அவன் எண்ணை வாங்க மறந்திருக்கிறேன்.

இன்னும் ஒரு குறை மிச்சம். பின் அறையில் டவர் விழுவதில்லை, அதே சிம் பழைய ஃபோனில் அங்கே நன்றாக எடுக்கும். சுவரைத் துளைத்து வருவது குறைந்த அலைவரிசைதான். அலைவரிசைகளை 'பேண்ட்' என்று எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். எங்கள் கம்பெனி அதற்கு வைத்திருப்பது பேண்ட் 28, அதாவது 700 மெகாஹெர்ட்ஸ். என் ஃபோனில் அது இல்லை, இருப்பது பேண்ட் 71, 600 மெகாஹெர்ட்ஸ். வெளியே 1800-இல் ஓடும் பேண்ட் 3 இரண்டுக்கும் பொது, அதனால் தெருவில் பிரச்சினை இல்லை. இதற்குச் சாஃப்ட்வேரில் வைத்தியம் கிடையாது.

உங்களுக்கும் யாராவது ஃபோன் வாங்கி வருகிறேன் என்றால் பெயரைக் கேட்டு மயங்காதீர்கள், மாடல் எண்ணைக் கேளுங்கள். அதை வைத்து பேண்ட் பட்டியலை உங்கள் சிம் கம்பெனியின் பட்டியலோடு ஒப்பிட்டுவிடலாம். சிம் போட இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்காவில் விற்கும் ஐஃபோன்களில் 14-இலிருந்து சிம் ட்ரேயே கிடையாது, எல்லாம் ஃபோனுக்குள்ளேயே பதித்த இ-சிம். பூட்டு இல்லை என்பதற்குக் கடைக்காரர் வாய்வார்த்தை போதாது, ரசீதில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். *#06# அடித்தால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையும், அதாவது ஃபோனின் அடையாள எண்ணையும், குறித்து வையுங்கள். துருக்கியில் வெளிநாட்டு ஃபோனை இந்த எண்ணை வைத்துப் பதிவு செய்யாவிட்டால் 120 நாளில் நெட்வொர்க் நின்றுவிடும். அந்தத் தலைவலியாவது எனக்கு இல்லை.

போன வாரம் மாப்பிள்ளை கூப்பிட்டார். பின் அறையில் இருந்ததால் ஜன்னல் பக்கம் ஓடிவந்து எடுத்தேன். "அடுத்த மாசம் வரேன் மச்சான். ஸ்மார்ட் வாட்ச் ஒண்ணு தள்ளுபடியில இருக்கு, சிம்லயே பேசலாமாம். வாங்கிட்டு வரவா?"

மாடல் எண்ணை முதலில் அனுப்புங்கள் என்றேன்.